புளூட்டோவின் வாயுபாரம்

ஓரிடத்துக் காற்றின் பாரத்தை அறிய விரும்புகிறவன் அங்கே ஒரு பாரமானியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதே வெகுகாலம் வரையில் சாஸ்திரத்தின் விதியாக இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வானாராய்ச்சிக் கூடத்துக்கு 1852-ஆம் வருஷம் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், அந்த விதிக்குக் கட்டுப்பட்டு, யானைகள் நடமாடும் காட்டை ஊடுருவிக் கருவிகளை ஏற்றுவித்து, 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியகூடத்தின் சிகரத்தில் 1855-ஆம் வருஷத்தில் ஓர் உபநிலையத்தையே நிறுவினார். கடற்கரையில் உள்ள காற்றின் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் அந்தச் சிகரத்தில் உண்டு. அது நாளின் எந்தப் பொழுதில் ஏறுகிறது, எந்தப் பொழுதில் இறங்குகிறது என்பதைக் கீழே உள்ள திருவனந்தபுரத்து அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் பட்ட பிரயாசை கொஞ்சமல்ல.

பிரௌனுக்கு முன்பிருந்தே அந்த ஊருக்கு வானத்தை அளக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வியாபார ஏஜெண்டாக இருந்துகொண்டே சொந்தக் கருவிகளால் விண்ணை ஆராய்ந்து வந்த ஜான் கால்டிகாட்டைத் தலைவராக நியமித்து, சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் கட்டி முடித்த அந்தக் கூடம், நகரத்தின் நடுவே ஒரு குன்றின்மீது, கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இன்றும் இருக்கிறது. சூரிய மண்டலத்தின் எல்லைப்புறத்திலிருந்து வந்த ஒரு பனிப்பிண்டத்தை, அதாவது 1843-ஆம் வருஷத்துப் பெரிய வால்நக்ஷத்திரத்தை, கால்டிகாட் அங்கிருந்துதான் அளந்தார். வால்நக்ஷத்திரம் தானாகவே நம்மைத் தேடி வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறது. அப்படி வராமல் எல்லைப்புறத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் பனிக்கோளத்தை என்ன செய்வது? அதிலும் அதன் தரையில் காற்று எவ்வளவு பாரம் என்று யாராவது கேட்டால், எந்த மலையில் ஏறி எந்தப் பாரமானியை வைப்பது?

இந்தக் கேள்விக்கு விடை கண்ட ஓர் ஆராய்ச்சியில், பிரௌனுக்கு ஏறக்குறைய 165 வருஷங்களுக்குப் பிறகு, திருவனந்தபுரத்துக்கு மறுபடியும் ஒரு பங்கு கிடைத்தது. நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் இருக்கும் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆனந்தமயி தேஜ், பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்தின் புரூனோ சிக்கார்டி முதலானோருடன் சேர்ந்து 2021-ஆம் வருஷத்தில் வெளியிட்ட கட்டுரை, புளூட்டோவின் தரைமட்ட வாயு அழுத்தத்தை நிர்ணயம் செய்தது. அவர்கள் அதை எப்படி அளந்தார்கள் என்பது, என் அபிப்பிராயத்தில், கிடைத்த விடையைக் காட்டிலும் ரசமான சமாசாரம்.

புளூட்டோவைப் பற்றிப் பேச்செடுத்தால், அது கிரகமா அல்லவா என்ற விவகாரத்தில்தான் பெரும்பாலோர் நுழைகிறார்கள். 1930-ஆம் வருஷம் பிப்ரவரியில் அமெரிக்காவின் லோவல் வானாராய்ச்சி நிலையத்தில் கிளைடு டாம்போ கண்டுபிடித்த அதனை, 2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் குறுங்கோள் என்ற வகுப்புக்கு மாற்றியது. அதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வருத்தப்பட்டார்கள். புளூட்டோவுக்கு அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதன் குறுக்களவு 2,377 கிலோமீட்டர். நம் சந்திரனில் மூன்றில் இரண்டு பங்கு. சூரியனை ஒருமுறை சுற்றி வர அதற்கு 248 வருஷங்கள் ஆகின்றன. கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல் அது இன்னும் ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை. பெரும்பாலான கிரகங்களின் பாதை ஏறக்குறைய வட்டமாக இருக்க, இதன் பாதை நீள்வட்டமாக இழுபட்டிருப்பதால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் கிட்டத்தட்ட 30 மடங்கு வரையில் நெருங்கி வந்து, பிறகு 49 மடங்குக்கு விலகிப் போகிறது. அது மிக நெருங்கிய வருஷம் 1989.

அங்கே தரையின் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 230 டிகிரி. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் நைட்ரஜன் வாயு, அந்தக் குளிரில் உறைந்து பனிக்கட்டியாகத் தரையில் கிடக்கிறது. 2015-ஆம் வருஷம் ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்தனுப்பிய படங்களில் இருதய வடிவமாகத் தோன்றிய வெண்ணிறப் பிரதேசத்தை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அதன் இடது பாதி, ஸ்புட்னிக் சமவெளி என்று பெயரிடப்பட்ட ஒரு பெரும்பள்ளம். கிலோமீட்டர் கணக்கான ஆழத்துக்கு அதில் நைட்ரஜன் பனி நிரம்பியிருக்கிறது. வெயில் பட்டால் இந்தப் பனி உருகி நீராவதில்லை, நேரே ஆவியாகி மேலே கிளம்புகிறது. வெயில் குறைந்த இடத்தில் அந்த ஆவியே மீண்டும் பனியாகப் படிகிறது. ஆகவே புளூட்டோவின் வாயுமண்டலம் என்பது, பனிக்கும் ஆவிக்கும் இடையே நடக்கும் ஓயாத கொடுக்கல் வாங்கலில் அந்தந்தச் சமயத்துக்கு மிஞ்சி நிற்கும் இருப்புத்தான்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் உஷ்ணத்துக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடுங்குளிரில் நைட்ரஜன் பனியின் உஷ்ணம் ஒரே ஒரு டிகிரி ஏறினால், அதன்மேல் நிற்கக்கூடிய ஆவியின் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஒரு டிகிரி இறங்கினால் பாதியாகிவிடும். புளூட்டோவின் தரையில் ஒரு வெப்பமானியைப் புதைத்து வைக்க நமக்கு வழி இல்லாவிட்டாலும், அதன் காற்றின் பாரத்தை அறிந்துவிட்டால், பனியின் உஷ்ணத்தை டிகிரியின் பின்னத்தில் சொல்லிவிடலாம். வாயுபாரத்தை அளப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் இவ்வளவு ஆசைப்படுவதன் காரணம் இதுதான்.

பூமியிலிருந்து பார்க்கும்போது புளூட்டோவின் விட்டம் ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கான விகலையில், பத்தில் ஒரு பங்கு அளவே தெரிகிறது. அதைச் சூழ்ந்திருக்கும் காற்றை எந்தத் தொலைநோக்கியாலும் நேராகப் பார்த்துவிட முடியாது. ஆனால் புளூட்டோ வானத்தில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படி நகரும்போது எப்போதாவது ஒரு நக்ஷத்திரத்துக்கு நேர் முன்னால் வந்து அதை மறைக்கிறது. இதைத்தான் மறைப்பு என்கிறோம். சந்திரன் ரோகிணியை மறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சந்திரன் மறைக்கும்போது நக்ஷத்திரம் கண் இமைக்கும் நேரத்தில் சட்டென்று அணைந்துவிடும், ஏனென்றால் சந்திரனுக்குக் காற்று இல்லை. புளூட்டோ மறைக்கும் நக்ஷத்திரமோ சிறிது சிறிதாக மங்கி, அடங்கி, மறுபுறத்தில் சிறிது சிறிதாகவே பிரகாசம் பெறுகிறது. மங்கும் விதத்திலேயே காற்றின் சரித்திரம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது.

அது மங்குவதற்குக் காரணம், காற்று ஒளியை விழுங்கிவிடுவது என்று முதலில் தோன்றும். அப்படியல்ல. நக்ஷத்திரத்தின் கிரணங்கள் புளூட்டோவின் காற்றுக்குள் புகுந்து வெளியேறும்போது சற்றே வளைகின்றன. தரைக்கு அருகே காற்று அடர்த்தியாக இருப்பதால் அங்கே செல்லும் கிரணம் அதிகமாகவும், உயரே செல்லும் கிரணம் குறைவாகவும் வளைகிறது. இந்த வித்தியாசத்தால், ஒன்றுக்கொன்று இணையாகப் புறப்பட்ட கிரணங்கள் போகப்போக விரிந்து பிரிகின்றன, ஒளி பரவலாகிவிடுகிறது, பூமியில் நிற்கிறவனுக்கு அதில் ஒரு பங்கே கிடைக்கிறது. வளைவின் அளவைச் சொன்னால் நம்புவது கஷ்டம். நக்ஷத்திரத்தின் ஒளி சரிபாதியாகக் குறையும் இடத்தில், அதாவது புளூட்டோவின் தரைக்கு மேல் நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில், கிரணம் வளைவது ஒரு விகலையில் சுமார் நானூறில் ஒரு பங்குதான். நேரே அளப்பதற்கு மிக அரிதான இந்த வளைவை, புளூட்டோவுக்கும் நமக்கும் நடுவே உள்ள 500 கோடி கிலோமீட்டர் தூரம் பெரிதாக்கிக் கொடுத்துவிடுகிறது. அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் அந்தக் கிரணம் தன் வழியைவிட்டுச் சுமார் 60 கிலோமீட்டர் விலகியிருக்கும். நம்மை எட்டாதபடி செய்யும் அதே தூரம்தான் அளவுகோலாகவும் உதவுகிறது.

இந்த முறையில் எதிர்பாராத புதையல்களும் அகப்படுவதுண்டு. 1977-ஆம் வருஷம் மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நக்ஷத்திரத்தை மறைத்தபோது, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் நிலையத்தில், ஒரு மீட்டர் தொலைநோக்கியின் முன்னே ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். மறைப்பு நேரத்துக்கு முன்பாகவே நக்ஷத்திரம் திடீரென்று ஒருமுறை மங்கித் தெளிந்தது. அதே நிகழ்ச்சியை இந்து மகாசமுத்திரத்தின்மேல் பறந்துகொண்டிருந்த கைப்பர் விமான ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அளந்த ஜேம்ஸ் எலியட்டின் குழுவும் இத்தகைய மங்கல்களைப் பலமுறை கண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்ற உண்மை அப்படித்தான் வெளிப்பட்டது. பதினோரு வருஷம் கழித்து, 1988 ஜூன் 9 அன்று, அதே எலியட்டின் குழு அதே விமானத்திலிருந்து புளூட்டோ ஒரு நக்ஷத்திரத்தை மறைப்பதை அளந்தபோதுதான் அதற்கு வாயுமண்டலம் இருப்பது சந்தேகமின்றி ஊர்ஜிதமாயிற்று.

அடுத்த வருஷம் புளூட்டோ சூரியனுக்கு மிக நெருங்கிவிட்டு விலகத் தொடங்கியது. விலகினால் குளிர வேண்டும், குளிர்ந்தால் ஆவி பனியாகப் படிய வேண்டும், சில பத்து வருஷங்களில் வாயுமண்டலமே தரையில் விழுந்துவிட வேண்டும் என்று பலர் கணக்குப் போட்டார்கள். அந்தப் பயம்கூட ஒரு விண்கலத்தைச் சீக்கிரம் அனுப்பியாக வேண்டும் என்ற வாதத்துக்குப் பலம் சேர்த்தது. ஆனால் 1988 முதல் 2016 வரையில் அளக்கப்பட்ட பன்னிரண்டு மறைப்புகளும் இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்லின. அழுத்தம் குறையவில்லை, இடைவிடாமல் ஏறி மும்மடங்காகிவிட்டது. மேலே சொன்ன விகிதத்தின்படி, பனியின் உஷ்ணம் இரண்டு டிகிரிக்கும் குறைவாக ஏறியிருந்தாலே இதற்குப் போதும்.

நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணி சுமாருக்கு என்றாலும், வெக்கை தாங்காமல் நாம் தவிப்பது இரண்டு மூன்று மணிக்குத்தான் அல்லவா? தரை சூடேறுவதற்கு நேரம் பிடிக்கிறது. புளூட்டோவின் பிற்பகல் பல வருஷங்கள் நீண்டது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதன் அச்சு பெரிதும் சாய்ந்திருப்பதால், 1980-களின் முடிவில் சமபகல் கழிந்தபின் வடபாகம் வரவர அதிகமாகச் சூரியனை நோக்கித் திரும்பியது. ஸ்புட்னிக் சமவெளி இருப்பதும் வடபாகத்திலேயே. சூரியன் தூரப் போய்க்கொண்டிருந்தும், பனி நிரம்பிய பெரும்பள்ளத்துக்கு வெயில் முன்னைவிட நேராகக் கிடைத்தது. இந்தக் காரணங்களையெல்லாம் சேர்த்து மேசா என்பவரும் அவருடைய குழுவினரும் 2019-இல் வெளியிட்ட கணித மாதிரி, 2015-ஐ ஒட்டி ஏற்றம் நின்று, அழுத்தம் சில காலம் ஒரே மட்டத்தில் நிலைத்து, அப்புறம் மெல்ல இறங்கும் என்று ஜோசியம் சொல்லிற்று. சாஸ்திரத்தில் ஜோசியம் சொல்லுகிறவன் அதைப் பொய்யாக்கும் வழியையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இவர்கள் சொன்னார்கள்.

பொய்யாக்குவதற்கு ஆட்களும் உடனே வந்தார்கள். 2018 ஆகஸ்டில் நடந்த மறைப்பிலிருந்து ஒரு குழுவும், 2019 ஜூலையில் நடந்த மறைப்பை ஹவாய்த் தீவில் ஒரு சிறிய தொலைநோக்கியால் அளந்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களும், அழுத்தம் இறங்கத் தொடங்கிவிட்டது என்று தெரிவித்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்பது ஜப்பானியரின் கணக்கு. அது மெய்யானால் மாதிரி பிசகு. வாயுமண்டலம் விழுந்துகொண்டிருக்கிறது என்ற பழைய பயமே வேறு உருவில் திரும்பியதாகும். இன்னொரு நல்ல மறைப்பு தேவைப்பட்டது. அதன் நிழல் இம்முறை இந்தியாவின்மேல் விழுவதாக இருந்தது.

நிழல் என்றேன். நக்ஷத்திரத்தின் ஒளியில் புளூட்டோ வீசும் நிழல், ஏறக்குறைய அதன் குறுக்களவே அகலமாக, வினாடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பூமியின்மேல் ஓடுகிறது. அது கடந்து செல்லும் வழியில் தெளிந்த வானமும் தகுந்த கருவியும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியிருக்கும் திருவனந்தபுரத்து வானத்தை இதற்கு நம்ப முடியாது. ஆகவே உத்தராகண்டில், நைனிதாலுக்கு அப்பால், சுமார் 2,450 மீட்டர் உயரத்தில் இருக்கும் தேவஸ்தல் என்னும் மலைமுகட்டையே நம்ப வேண்டியிருந்தது. ஆரியபட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தமான இரண்டு தொலைநோக்கிகள் அங்கே அருகருகே இருக்கின்றன. ஒன்றின் கண்ணாடி 1.3 மீட்டர், மற்றதன் கண்ணாடி 3.6 மீட்டர் குறுக்களவுள்ளது.

2020 ஜூன் 6. கொரோனா ஊரடங்கு தளரத் தொடங்கிய வாரம். முந்தின இரவுதான் பௌர்ணமி. புறநிழல் சந்திர கிரகணமும் அன்று நிகழ்ந்திருந்தது. ஆகையால் ஏறக்குறைய முழுச் சந்திரன் வானத்தில் பிரகாசித்துக்கொண்டிருந்தது, அதுவும் புளூட்டோ நின்ற திசைக்கு வெகு தூரத்தில் அல்ல. வானாராய்ச்சிக்காரர்கள் விரும்பும் இரவு அல்ல அது. ஆனால் இரு தொலைநோக்கிகளும் கண்ணுக்குத் தெரியும் நீலத்தையும் பச்சையையும் விட்டுவிட்டு, செந்நிறத்துக்கு அப்பாலுள்ள கிரணங்களிலேயே நோக்கின: சிறியது அகச்சிவப்பின் தொடக்கத்தில், பெரியது அதற்கும் வெகு தள்ளி. நிலவொளியின் தொந்தரவு அங்கே குறைவு. அந்தத் தூரத்து அகச்சிவப்பில் புளூட்டோவின் மீத்தேன் பனி சூரிய ஒளியை நிறைய உட்கொண்டுவிடுவதால், அதன் சொந்தப் பிரகாசம் மங்கி, நக்ஷத்திரத்தின் ஒளி தனித்துத் தெரியும் என்ற அனுகூலமும் உண்டு. ஒரே மறைப்பை இரு கருவிகள் இரு நிறங்களில் அளந்ததால், ஒன்றின் கணக்கை மற்றதைக் கொண்டு சரிபார்க்க முடிந்தது.

ஒளி மங்கிய விதத்திலிருந்து உயரத்துக்கு உயரம் காற்றின் அடர்த்தியைக் கணக்கிட்டு, அதிலிருந்து தரைமட்டத்துக்கு இறங்கி வர வேண்டும். தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைச் செய்வது எப்படி? 2015-க்கு முன்னால் புளூட்டோவின் ஆரமே தீர்மானமாகத் தெரியாது. அதை ஐயமறத் தெரிவித்தது நியூ ஹொரைசன்ஸ். ஒரே நாளில் பறந்து கடந்துவிட்ட விண்கலம் காலத்தால் வரும் மாறுதலை அறியாது. பூமியில் இருந்தபடி பல வருஷங்கள் காத்திருக்கும் தொலைநோக்கி தரையை அறியாது. இரண்டையும் கூட்டியபோது கிடைத்த விடை 12.23 மைக்ரோபார். 2015-இல் விண்கலமும், 2016-இல் பூமியிலிருந்து அளந்தவர்களும் கண்ட அழுத்தம் பிழை எல்லைக்குள் இதேதான். அழுத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேசாவின் மாதிரி சொன்னபடி மேடைபோல் நிலைத்து நின்றது. 2018-லும் 2019-லும் கண்டதாகச் சொல்லப்பட்ட வீழ்ச்சிக்கு இந்த அளவு ஆதரவு தரவில்லை.

அந்த 12.23 என்ற எண்ணைப் பிரௌனின் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். கடற்கரையில் பாரமானியின் பாதரசம் 76 சென்டிமீட்டர் உயரம் நிற்கிறது. புளூட்டோவின் காற்று நம் காற்றில் எண்பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தமுள்ளது. அது பூமியில் பாதரசத்தைத் தாங்குவதானால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு உயரம்கூட ஏற்றாது. புளூட்டோவின் ஈர்ப்பு நம்முடையதில் பதினாறில் ஒரு பங்கு என்பதால், அங்கேயே வைத்தால் ஏழில் ஒரு மில்லிமீட்டர் நிற்கும். அதற்கு முன்பே பாதரசம் உறைந்து உலோகக் கட்டியாகிவிடும் என்பது வேறு விஷயம். இத்தனை மெல்லிய காற்றில் நீலநிறப் பனிமூட்டம் அடுக்கடுக்காக எழுகிறது, காற்று வீசுகிறது, பருவமும் மாறுகிறது.

ஒரே இடத்திலிருந்து ஓர் இரவில் எடுத்த அளவு ஒரு வழக்கைத் தீர்த்து முடித்துவிட்டது என்று நான் சொல்லத் துணியமாட்டேன். மாறான முடிவுக்கு வந்தவர்களும் தேர்ந்த அளவையாளர்களே. ஒரே மறைப்பைக் கணக்கிடுவதிலும் முறைக்கு முறை விடை சற்று வேறுபடுவதுண்டு. ஆயினும் இரு கண்ணாடிகளும் ஒத்துச் சொன்ன சாட்சியம் கனமானது. அது வந்த சமயமும் முக்கியமானது. பல வருஷங்களாகப் புளூட்டோ தனுசு ராசியில், ஆகாசகங்கையின் நக்ஷத்திரக் கூட்டத்துக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதனால் மறைப்புகள் அடிக்கடி நேர்ந்தன. இப்போது அது அந்தக் கூட்டத்தை விட்டு விலகுகிறது. இனி மறைப்புகள் அரிதாகும். அதற்கு ஈடாக ஒரு வசதி ஏற்பட்டிருக்கிறது. கையா விண்கலம் கோடிக்கணக்கான நக்ஷத்திரங்களின் ஸ்தானத்தை நுட்பமாகக் குறித்துத் தந்துவிட்டதால், நிழல் எந்த நாட்டின்மேல், எந்த நிமிஷத்தில் ஓடும் என்பதை முன்கூட்டியே கணித்துத் தொலைநோக்கிகளைத் தயார்செய்ய முடிகிறது. புளூட்டோ சூரியனிலிருந்து மிக விலகிப்போகும் 2114-ஆம் வருஷம் வரையில் அதன் வெயில் குறைந்துகொண்டேதான் வரும். மாதிரியின்படி அழுத்தமும் மேடையிலிருந்து இறங்கியாக வேண்டும். எந்த வருஷத்தில் இறங்கத் தொடங்கும், எத்தனை வேகத்தில் இறங்கும் என்பதைக் கொண்டுதான் ஸ்புட்னிக் பள்ளத்தின் பனி எவ்வளவு உஷ்ணத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கிறது என்பது தெரியவரும். தேவஸ்தலில் கிடைத்த 12.23, அந்த இறக்கத்தை அளக்கப் போகிறவர்கள் ஆரம்பப் புள்ளியாகக் குறித்துக்கொள்ளும் எண்களில் ஒன்று.